குருத்தெலும்பை அளக்கும் சாயம்: அது சொல்வதும் சொல்லாததும்

விருதுநகர் மாவட்டத்தின் பட்டாசு ஆலைகளிலும் தீப்பெட்டி ஆலைகளிலும் வேலை பெரும்பாலும் தரையில்தான் நடக்கிறது. திரி சொருகுவதும், குழாயில் மருந்து அடைப்பதும் குத்துக்காலிட்டோ சம்மணமிட்டோ மணிக்கணக்கில் செய்கிற வேலைகள். எண்ணிக்கைக்குத் தக்க கூலி என்பதால் நடுவே எழுந்து காலை நீட்டவும் மனம் வராது. முழங்காலை மடக்கியபடி உடலை வருத்தும் தொழில்களுக்கும் மூட்டுத் தேய்மானத்துக்கும் தொடர்பு உண்டு என்பதை அமெரிக்காவின் ஃபிராமிங்காம் ஆய்வு 1991இலேயே காட்டியது. இந்தியாவில் ஐந்து இடங்களில் நடந்து 2016இல் வெளியான ஓர் ஆய்வில், பங்கேற்றவர்களில் 28.7 விழுக்காட்டினருக்கு முழங்கால் தேய்மானம் இருந்தது. ஆக்ரா, பெங்களூரு, கொல்கத்தா, டேராடூன், புனே ஆகியவை அந்த ஐந்து இடங்கள். தமிழ்நாட்டு ஊர் ஒன்றும் அதில் இல்லை.

வலியோடு இருப்பவர்களை நோக்கி இன்று ஒரு நம்பிக்கை விற்கப்படுகிறது. தேய்ந்த குருத்தெலும்பு திரும்ப வளரும், ஊசி போட்டால் போதும் என்று விளம்பரங்கள் சொல்கின்றன. ஆய்வகங்களில் நடக்கும் நேர்மையான முயற்சிகளும் அதே திசையில்தான் போகின்றன. இரண்டையும் பிரித்தறிய ஒரே வழி, 'வளர்ந்தது' என்று எதை வைத்துச் சொல்கிறார்கள் என்று கேட்பதுதான். குருத்தெலும்பு மீட்பு ஆய்வுக் கட்டுரைகளில் மீண்டும் மீண்டும் வரும் விடை ஒரு எண்: திசுவில் இருக்கும் சல்ஃபேட் ஏறிய சர்க்கரைச் சங்கிலிகளின் அளவு. அந்த எண் எவ்வளவு பாரத்தைத் தாங்கும் என்பதே இங்கு எடைபோடப்படுகிறது.

சங்கிலிகளின் வேலை

நீரிழிவுக்காரர்கள் ரத்தத்தில் பார்க்கும் குளுக்கோஸுக்கும் இந்தச் சர்க்கரைக்கும் தொடர்பில்லை. கிளைக்கோசமினோகிளைக்கான் என்பது இதன் பெயர். ஜிஏஜி என்று சுருக்கிச் சொல்வார்கள். இரண்டிரண்டு சர்க்கரைகள் மாறி மாறிக் கோத்த நீண்ட சங்கிலி இது. மூட்டுக் குருத்தெலும்பில் முதன்மையானவை காண்ட்ராய்ட்டின் சல்ஃபேட்டும் கெரட்டான் சல்ஃபேட்டும். அக்ரிக்கன் என்ற பெரிய புரதம் ஒன்றின் மேல் ஏறத்தாழ நூறு காண்ட்ராய்ட்டின் சங்கிலிகள் தொங்குகின்றன. அப்படிப்பட்ட பல அக்ரிக்கன்கள் ஹயலுரோனான் என்ற இன்னொரு நீண்ட சர்க்கரை இழையோடு பிணைந்து கிடக்கின்றன.

சல்ஃபேட், கார்பாக்சில் தொகுதிகள் எதிர்மின்னேற்றம் கொண்டவை. அவை சோடியம் அயனிகளை இழுக்கின்றன. அயனிகளைத் தேடி நீர் வருகிறது. குருத்தெலும்பின் எடையில் 65 முதல் 80 விழுக்காடு வரை நீராக இருப்பது இதனால்தான். உப்பி விரியப் பார்க்கும் இந்தச் சர்க்கரைக் கூட்டத்தை இரண்டாம் வகைக் கொலாஜன் இழைகள் கட்டிப்போட்டு வைக்கின்றன. குத்துக்காலிட்டு உட்கார்ந்து எழும் ஒவ்வொரு முறையும் எடையைத் தாங்குவது இந்த இழுபறிதான். உப்பும் விசை ஜிஏஜியிலிருந்தும், அதை அடக்கும் விசை கொலாஜனிலிருந்தும் வருகின்றன.

ஜிஏஜியின் பங்கைக் கண்முன் காட்டிய சோதனை ஒன்று 1956இல் நடந்தது. அமெரிக்க மருத்துவர் லூயிஸ் தாமஸ், பப்பாளிப் பாலிலிருந்து கிடைக்கும் பப்பெய்ன் நொதியை முயல்களின் ரத்தநாளத்தில் செலுத்தினார். சில மணி நேரத்தில் விறைத்து நிமிர்ந்திருந்த காதுகள் துவண்டு விழுந்தன. காதுக் குருத்தெலும்பிலிருந்து சர்க்கரைச் சங்கிலிகள் கழன்றுபோனதே காரணம். சில நாட்களில் காதுகள் மறுபடி நிமிர்ந்தன. கொலாஜன் கட்டமைப்பு அப்படியே இருந்ததால் செல்கள் சர்க்கரையைப் புதிதாகச் செய்து நிரப்பிவிட்டன.

இந்தச் சோதனை இரண்டு பாடங்களைத் தருகிறது. முதல் பாடத்தை எல்லோரும் சொல்கிறார்கள்: ஜிஏஜி போனால் குருத்தெலும்பின் வலு போகும். இரண்டாவது அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை: ஜிஏஜி எளிதாகத் திரும்பி வரக்கூடியது. கொலாஜன் அப்படியல்ல. மனித மூட்டுக் குருத்தெலும்பின் கொலாஜனுக்கு அரை ஆயுள் 117 ஆண்டுகள் என்று 2000இல் வெளியான ஓர் ஆய்வு கணித்தது. அக்ரிக்கனுக்கு 1998இல் கணிக்கப்பட்டதோ 3.4 ஆண்டுகள், அதன் ஒரு பகுதிக்கு மட்டும் 25 ஆண்டுகள். 2016இல் அணுகுண்டுச் சோதனைக் காலத்துக் கார்பன்-14ஐ அடையாளமாக வைத்துச் செய்த இன்னொரு ஆய்வு, பெரியவர்களின் மூட்டுக் கொலாஜன் நோய் வந்த பிறகும் குறிப்பிடத்தக்க அளவில் புதுப்பிக்கப்படுவதில்லை என்றது. ஆகவே மீட்பு ஆய்வு ஒன்றில் ஜிஏஜி ஏறியது என்றால், எளிதில் வரக்கூடியது வந்திருக்கிறது என்றுதான் முதலில் கொள்ள வேண்டும்.

சாயச் சோதனை

ஜிஏஜியை அளக்க உலகெங்கும் அதிகம் கையாளப்படும் முறை டைமெத்தில் மெத்திலீன் நீலம் என்ற சாயத்தைச் சார்ந்தது. இங்கிலாந்தைச் சேர்ந்த ஃபார்ண்டேல், பட்டில், பாரெட் ஆகியோர் 1986இல் அதைச் செம்மைப்படுத்தி வெளியிட்டார்கள். குருத்தெலும்புத் துண்டைப் பப்பெய்னில் போட்டு 60 டிகிரிக்கு மேல் ஓர் இரவு வைத்தால் கரைந்துவிடும். அந்தக் கரைசலில் சிறிது எடுத்துச் சாயத்தில் விட்டால், சாய மூலக்கூறுகள் எதிர்மின்னேற்றச் சங்கிலியின் மேல் வரிசையாக அடுக்கிக்கொள்கின்றன. நீலம் ஊதாவாகிறது. 525 நானோமீட்டர் ஒளியை அது எவ்வளவு உறிஞ்சுகிறது என்று நிறமாலைமானியில் படித்து, தெரிந்த அளவு காண்ட்ராய்ட்டின் சல்ஃபேட் கொண்ட கரைசல்களோடு ஒப்பிட்டால் அளவு கிடைத்துவிடும்.

இந்த முறையின் நன்மைகள் பெரியவை. மலிவானது. அரை நாளில் பல மாதிரிகளைப் பார்த்துவிடலாம். மைக்ரோகிராம் அளவையும் காட்டும். கல்லூரி ஆய்வகத்தில் இருக்கும் கருவியே போதும். நாற்பது ஆண்டுகளாக உலக ஆய்வகங்கள் ஒரே முறையைக் கையாண்டதால் ஒப்பிட்டுப் பார்க்கவும் வழி இருக்கிறது.

குறைகள் வேதியியலுக்குள்ளேயே இருக்கின்றன. சிவகாசி ஆஃப்செட் அச்சகத்தில் வேலை செய்பவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை: ஒரே மை ஆர்ட் தாளில் ஒரு நிறமும் நியூஸ்பிரிண்ட்டில் வேறு நிறமும் காட்டும். இந்தச் சாயமும் தனக்குக் கிடைக்கும் சூழலைப் பொறுத்தே நிறம் மாறுகிறது. அதற்குத் தேவை எதிர்மின்னேற்றம் நெருக்கமாக உள்ள ஒரு நீண்ட சங்கிலி. டிஎன்ஏவும் அப்படிப்பட்டதுதான். ஹயலுரோனானும், கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட்டும் அப்படித்தான். செல்களை வளர்க்கும் சாரமாகக் குருத்தெலும்பு ஆய்வாளர்கள் விரும்பித் தேர்வது ஆல்ஜினேட்டையும் ஹயலுரோனானையும். அதாவது, செல்கள் எதையும் செய்யாதபோதும் சாரம் மட்டுமே சாயத்தை ஊதாவாக்கக்கூடும். செல்கள் நிறைய, ஜிஏஜி குறைவு என்ற தொடக்க நிலை வளர்ப்புகளில் டிஎன்ஏவும் சேர்ந்து எண்ணை உயர்த்தும்.

2015இல் செங், லெவன்ஸ்டன் என்ற இருவர் இந்தச் சிக்கலை முறையாக ஆராய்ந்து வெளியிட்டார்கள். சாயக் கரைசலின் அமிலத்தன்மையைப் பிஹெச் 3இலிருந்து 1.5க்குக் கொண்டுவந்தால் பெரும்பகுதிக் குழப்பம் விலகும் என்று காட்டினார்கள். அந்த அமிலத்தில் கார்பாக்சில் தொகுதிகள் மின்னேற்றத்தை இழக்கின்றன. சல்ஃபேட் மட்டும் இழப்பதில்லை. ஆகவே சாயம் சல்ஃபேட்டை மட்டும் தேடிப் போகிறது. தீர்வு இவ்வளவு எளிது. எனவே கட்டுரையின் செய்முறைப் பகுதியில் பிஹெச் எவ்வளவு என்று எழுதாத ஜிஏஜி எண்ணை நம்பக் காரணம் இல்லை. செல் இல்லாத வெறும் சாரத்தையும், காண்ட்ராய்ட்டினேஸ் நொதியால் சர்க்கரையை அறுத்துவிட்ட மாதிரியையும் அருகில் வைத்துப் படித்திருந்தால் நம்பிக்கை இன்னும் கூடும்.

சாயத்துக்கு இன்னொரு எல்லை உண்டு. அது மொத்தத்தைச் சொல்கிறது, வகையைச் சொல்வதில்லை. மனித மூட்டில் வயது ஏற ஏறக் காண்ட்ராய்ட்டினில் சல்ஃபேட் ஆறாம் இடத்துக்கு நகர்கிறது. கெரட்டான் சல்ஃபேட் கூடுகிறது. இளம் குருத்தெலும்பின் சர்க்கரையும் முதிர்ந்த குருத்தெலும்பின் சர்க்கரையும் ஒன்றல்ல. நொதியால் இரட்டைச் சர்க்கரைகளாக வெட்டி, உயர்திறன் திரவ வண்ணப்படிவியல் மூலமோ நிறைநிறமாலை மூலமோ பார்த்தால்தான் இந்த வேறுபாடு தெரியும். இவை விலை கூடிய கருவிகள். அதனாலேயே பலர் மொத்த எண்ணோடு நின்றுவிடுகிறார்கள்.

சஃப்ரானின்-ஓ சாயம் ஏற்றிய மெல்லிய வெட்டுகளை நுண்ணோக்கியில் பார்ப்பது இன்னொரு வழி. ஜிஏஜி எங்கே இருக்கிறது என்பதை அது காட்டும், இது முக்கியம். மூட்டின் மேற்பரப்பில் ஜிஏஜி குறைவாகவும் நடு, ஆழ அடுக்குகளில் மிகுதியாகவும் இருக்க வேண்டும் என்பது இயற்கையின் ஒழுங்கு. ஆனால் ஜிஏஜி குறைந்த திசுவில் சஃப்ரானின்-ஓ இருப்பதையும் காட்டாமல் விடும் என்று கேம்பிள்ஜான், அலர்ட் ஆகியோர் 1988இலேயே எச்சரித்திருக்கிறார்கள். சிவப்பு அழகாக இருக்கும் ஒரு படத்தை மட்டும் வெளியிட்டு 'குருத்தெலும்பு உருவானது' என்று முடிப்பது சான்று ஆகாது.

எதனால் வகுப்பது?

அளந்த எண்ணை எதனால் வகுப்பது என்பதில்தான் பல கட்டுரைகளின் வெற்றி தோல்வி மறைந்திருக்கிறது. எடுத்துக்காட்டுக்கு இரண்டு செல் உருண்டைகளை எண்ணிக்கொள்வோம். முதலாவதில் 20 மைக்ரோகிராம் ஜிஏஜி, 0.5 மைக்ரோகிராம் டிஎன்ஏ. இரண்டாவதில் 12 மைக்ரோகிராம் ஜிஏஜி, 0.2 மைக்ரோகிராம் டிஎன்ஏ. மொத்தம் பார்த்தால் முதலாவது வென்றது. டிஎன்ஏவால் வகுத்தால் முதலாவதுக்கு 40, இரண்டாவதுக்கு 60, இரண்டாவது வென்றது. ஒரே சோதனைக்கு இரண்டு வெற்றியாளர்கள்.

டிஎன்ஏவால் வகுப்பது ஒவ்வொரு செல்லின் உழைப்பையும் காட்டுகிறது என்பது உண்மை. ஆனால் பாதிச் செல்கள் இறந்துபோனாலும் இந்த விகிதம் ஏறும். ஈர எடையால் வகுத்தால் திசு எவ்வளவு நீர் குடித்தது என்பதும் உள்ளே நுழையும். தேய்மானத்தின் தொடக்கத்தில் கொலாஜன் கட்டு தளர்ந்து குருத்தெலும்பு கூடுதலாக நீர் குடிக்கும். ஜிஏஜி குறையாமலே அதன் அடர்த்தி குறைந்ததுபோலத் தெரியும். வளர்ப்பு ஊடகத்தில் கசிந்துபோன ஜிஏஜியையும் அளக்க வேண்டும். செய்வது ஒன்று, தங்க வைத்துக்கொள்வது வேறொன்று. மூட்டுக்குத் தேவை தங்குவது.

ஆகவே ஒரு நேர்மையான கட்டுரை மொத்த ஜிஏஜி, மொத்த டிஎன்ஏ, ஈர எடை, ஊடகத்தில் கசிந்த அளவு ஆகிய நான்கையும் பிரித்துத் தர வேண்டும். ஏதேனும் ஒரு விகிதத்தை மட்டும் தரும் கட்டுரையிடம் மற்ற மூன்றையும் வாசகர் கேட்கலாம், கேட்கவும் வேண்டும்.

வெட்டாமல் பார்க்க முடியுமா?

உயிரோடிருப்பவரின் மூட்டிலிருந்து துண்டு வெட்டி எடுப்பது எளிதல்ல. அதனால் எம்ஆர்ஐ வழியாக ஜிஏஜியை அறியும் முயற்சிகள் 1990களிலிருந்து நடக்கின்றன. எதிர்மின்னேற்றம் கொண்ட கடோலினியம் மருந்தைச் செலுத்தினால், ஜிஏஜி நிறைந்த இடத்தில் அது விலக்கப்படும், குறைந்த இடத்தில் உள்ளே புகும். தத்துவம் தெளிவானது. ஆனால் கடோலினியம் உடலில் தங்கிவிடுகிறது என்ற கவலையால், இதற்கு அதிகம் கையாளப்பட்ட கடோலினியம் மருந்தை ரத்தநாளம் வழியாகச் செலுத்துவதை ஐரோப்பிய மருந்து முகமை 2017இல் நிறுத்தியது. ஜிஏஜியின் ஹைட்ரஜனையே குறிவைக்கும் முறை 2008இல் வெளியானது. அது தெளிவாக வேலை செய்வது 7 டெஸ்லா கருவிகளில். சோடியத்தைப் படம் பிடிக்கும் முறைக்குத் தனிக் கருவிகள் வேண்டும். நம் ஊர் ஸ்கேன் மையத்தில் எடுக்கும் வழக்கமான முழங்கால் எம்ஆர்ஐ படம் ஜிஏஜி அளவைச் சொல்லாது. 'ஸ்கேனில் குருத்தெலும்பு வளர்ந்தது தெரிகிறது' என்று யாராவது சொன்னால், எந்த முறையில் எடுத்த படம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வேலூரின் வழி

தமிழ்நாட்டில் இந்தத் துறையில் தொடர்ந்து உழைக்கும் இடம் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி. மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை ஆதரவோடு அங்கே ஸ்டெம் செல் ஆய்வு மையம் இயங்குகிறது. உடலியங்கியல் துறையைச் சேர்ந்த மருத்துவர் எலிசபெத் வினோதும் அவருடைய குழுவினரும் மனிதக் குருத்தெலும்புக்குள்ளேயே இருக்கும் முன்னோடிச் செல்களைப் பற்றிப் பல கட்டுரைகள் வெளியிட்டிருக்கிறார்கள். ஃபைப்ரோநெக்டின் என்ற புரதத்தில் ஒட்டும் தன்மையை வைத்து இந்தச் செல்களைப் பிரிக்கும் முறையை 2004இல் மாட்டின் குருத்தெலும்பிலும் பின்னர் 2010இல் மனிதக் குருத்தெலும்பிலும் பிரிட்டனின் கார்டிஃப் ஆய்வாளர்கள் காட்டினார்கள். வேலூர்க் குழு அதைப் பின்பற்றி, முழுமையாக முதிர்ந்த குருத்தெலும்புச் செல்களோடும் எலும்பு மஜ்ஜைச் செல்களோடும் இவற்றை ஒப்பிட்டு வந்திருக்கிறது. முயல் முழங்காலிலும் சோதித்திருக்கிறது. கருவின் குருத்தெலும்பிலிருந்து எடுத்த செல்கள் பெரியவர்களின் செல்களைவிடக் குருத்தெலும்பாக மாறும் நாட்டம் மிகுந்தவை என்று 2023இல் எழுதியது.

இவர்களின் வேலையில் மதிக்க வேண்டியது, ஜிஏஜியோடு நிற்காததுதான். ஜிஏஜி அளவுடன், இரண்டாம் வகைக் கொலாஜன் ஏறுகிறதா, தழும்புத் திசுவுக்குரிய முதல் வகைக் கொலாஜன் வருகிறதா, எலும்பாக மாறப்போவதற்கு அடையாளமான பத்தாம் வகைக் கொலாஜன் தலைகாட்டுகிறதா என்பதையும் சேர்த்தே பார்க்கிறார்கள். இது ஏன் தேவை என்பதற்கு ஜெர்மனியின் ஹைடல்பெர்க் குழு 2006இல் வெளியிட்ட சோதனை விடை. எலும்பு மஜ்ஜைச் செல்களிலிருந்து ஆய்வகத்தில் செய்த உருண்டைகள் ஜிஏஜியும் இரண்டாம் வகைக் கொலாஜனும் நிறைந்து குருத்தெலும்பு போலவே இருந்தன. எலியின் தோலுக்கடியில் வைத்ததும் சுண்ணாம்பு படியத் தொடங்கின. குருத்தெலும்பு என்று நினைத்தது எலும்பை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. ஜிஏஜி அளவு இதை முன்கூட்டியே சொல்லவில்லை; பத்தாம் வகைக் கொலாஜனைப் பார்த்தவர்களுக்கே அபாயம் தெரிந்தது.

வேலூர் ஆய்வுகளுக்கும் எல்லைகள் உண்டு. மனிதத் திசுவின் முதன்மை ஊற்று மூட்டு மாற்று அறுவையில் வெட்டி எறியப்படும் துண்டுகள். அவை நோயுற்ற மூட்டிலிருந்து வருபவை. அந்தச் செல்கள் தரும் ஜிஏஜி எண்ணை எந்த ஆரோக்கியமான மூட்டோடு ஒப்பிடுவது என்பது எல்லா நாட்டு ஆய்வாளர்களுக்கும் பொதுவான தலைவலி. கிண்ணத்தில் வளர்ந்த உருண்டை மனித முழங்காலின் பாரத்தைத் தாங்கியதில்லை. அழுத்தி, விடுவித்து, எவ்வளவு மீள்கிறது என்று அளக்கும் இயந்திரச் சோதனைகள் இந்தத் துறை முழுவதிலும் போதிய அளவுக்கு வருவதில்லை. சென்னைக்கு இதில் ஒரு பழைய உரிமை இருக்கிறது. குருத்தெலும்பின் மற்றொரு பாதியான கொலாஜனின் முப்புரிச் சுருள் அமைப்பை 1954இல் உலகுக்குச் சொன்னவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். அந்தப் பாதியை அளக்காமல் சர்க்கரையை மட்டும் அளக்கும் ஆய்வு தமிழ்நாட்டிலிருந்து வரக்கூடாது.

எண்ணும் வலியும்

ஆய்வகத்தைத் தாண்டி நோயாளியிடம் வந்தால் எண்ணின் மதிப்பு இன்னும் குறுகுகிறது. ஸ்பிரிஃபெர்மின் என்ற வளர்ச்சிக் காரணியை முழங்காலில் செலுத்தி 549 நோயாளிகளிடம் நடத்திய சோதனையின் முடிவு 2019இல் வெளியானது. இரண்டு ஆண்டுகளில் மிகுந்த அளவு மருந்து பெற்றவர்களின் குருத்தெலும்புத் தடிமன், வெற்று ஊசி பெற்றவர்களைவிட 0.05 மில்லிமீட்டர் கூடியது. அளவில் அது உண்மையான வெற்றி. ஆனால் வலியிலும் நடமாட்டத்திலும் இரு பிரிவினருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

மருந்துக் கடையில் வாங்கி விழுங்கும் காண்ட்ராய்ட்டின் மாத்திரைகளும் இதே கணக்கில் வருகின்றன. 1,583 பேரைக் கொண்டு அமெரிக்காவில் நடந்து 2006இல் வெளியான பெரிய சோதனையில், குளுக்கோசமினும் காண்ட்ராய்ட்டினும் தனித்தனியாகவோ சேர்த்தோ கொடுத்தபோது, மொத்தப் பங்கேற்பாளர்களில் வெற்று மாத்திரையைவிடக் குறிப்பிடும்படியாக வலியைக் குறைக்கவில்லை. வாயில் போட்ட சர்க்கரைச் சங்கிலி மூட்டில் போய் உட்காரும் என்ற நம்பிக்கைக்காக ஒரு தொழிலாளியின் வாரக் கூலியிலிருந்து பணம் போக வேண்டியதில்லை.

செல் சிகிச்சையின் கதையும் இதையே சொல்கிறது. சுவீடனில் பிரிட்பெர்க் குழு 23 பேருக்கு அவரவர் சொந்தக் குருத்தெலும்புச் செல்களையே வளர்த்துப் பதித்து, முடிவை 1994இல் வெளியிட்டது. தொடை எலும்பு முனையில் பதித்த 16 பேரில் 15 பேரிடம் பின்னர் துண்டு எடுத்துப் பார்த்தார்கள்; 11 பேரிடம் இயல்பான குருத்தெலும்பு போன்ற திசு இருந்தது. இந்தியாவிலும் இந்த வகைச் சிகிச்சை ஒன்றுக்கு 2017இல் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி தந்தது. ஆனால் இது காயத்தால் ஓரிடத்தில் மட்டும் பழுதான குருத்தெலும்புக்கானது. இருபது முப்பது ஆண்டு உட்கார்ந்து உழைத்து மூட்டு முழுதும் தேய்ந்தவருக்கு இதே முடிவை எதிர்பார்ப்பது தவறு. தேய்மானத்துக்கு ஸ்டெம்பியூசெல் என்ற ஸ்டெம் செல் மருந்து 2022இல் அனுமதி பெற்றிருக்கிறது. அதன் மேல் வைக்க வேண்டிய கேள்வியும் இதுவே: வலி குறைந்தது என்பது ஒரு கூற்று, குருத்தெலும்பு திரும்ப வந்தது என்பது வேறொரு கூற்று. முதலாவதற்கான சான்றை இரண்டாவதற்குக் காட்டக்கூடாது.

தீர்ப்பு

எல்லாவற்றையும் தராசில் வைத்த பிறகு ஜிஏஜி அளவீட்டுக்கு ஒருபக்கச் சான்றுரிமையைத் தர வேண்டியிருக்கிறது. புதிதாக வளர்ந்த திசுவில் ஜிஏஜி குறைவு என்றால், அது மூட்டுக் குருத்தெலும்பு அல்ல. அந்த முயற்சி தோற்றது. இந்தத் தீர்ப்புக்கு அந்த எண் ஒன்றே போதும். ஜிஏஜி மிகுதி என்றால் குருத்தெலும்பு மீண்டது என்று அந்த எண் மட்டும் சொல்ல முடியாது. துவண்டுவிழும் குருத்தெலும்பும் சில நாளில் சர்க்கரையை நிரப்பிக்கொள்கிறது. எலும்பாகப் போகும் உருண்டையும் சர்க்கரையைக் காட்டுகிறது. சாரமே சாயத்தை ஏமாற்றவும் கூடும். மறுப்பதற்கு வலுவான சாட்சி, ஒப்புவதற்கு வலுவற்ற சாட்சி என்பதே ஜிஏஜியின் தகுதி.

ஒப்புக்கொள்ள வேண்டுமானால் அதனோடு நான்கு சாட்சிகள் நிற்க வேண்டும். இரண்டாம் வகைக் கொலாஜனின் அளவு. முதல் வகையும் பத்தாம் வகையும் இல்லாமை. அழுத்தத்தைத் தாங்கும் இயந்திர வலு. விலங்கிலோ மனிதரிலோ காலம் கடந்து நிலைத்திருத்தல். இந்த நான்கில் ஒன்றும் இல்லாமல் சாய எண்ணை மட்டும் வைத்து 'மீட்பு' என்று தலைப்பிடும் கட்டுரையை ஆய்வு இதழ்கள் திருப்பி அனுப்ப வேண்டும்.

சாயச் சோதனையைக் கைவிட வேண்டும் என்பது இதன் பொருளல்ல. எளியதும் மலிவானதும் ஆன அதன் இயல்புதான் விருதுநகர் போன்ற மாவட்டத்துக்கு வாய்ப்பாகிறது. 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி இங்கே இருக்கிறது. சிவகாசியில் தொழிலாளர்களுக்கான ஈஎஸ்ஐ மருத்துவமனை இருக்கிறது. கிருஷ்ணன்கோவில் கலசலிங்கம் பல்கலைக்கழகத்திலும் சிவகாசி அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரியிலும் உயிரித் தொழில்நுட்பம் படிக்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். மூட்டு மாற்று அறுவைக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டமும் உதவுகிறது. அந்த அறுவைகளில் வெட்டி எடுக்கும் குருத்தெலும்பு மஞ்சள் பையில் போட்டு எரிக்கப்படும் மருத்துவக் கழிவு. நோயாளியின் எழுத்து ஒப்புதலோடும் நெறிமுறைக் குழுவின் அனுமதியோடும் அதே துண்டுகளைச் சேர்த்து, மூட்டின் எந்த இடம், எந்த ஆழம், எந்த வயது, எத்தனை ஆண்டு எந்த வேலை என்று குறித்து, ஜிஏஜியையும் கொலாஜனையும் அளந்தால், தரையில் உட்கார்ந்து உழைக்கும் மக்களின் குருத்தெலும்பு எப்படித் தேய்கிறது என்ற பட்டியல் கிடைக்கும். மீட்பு ஆய்வு எந்த அளவை எட்ட வேண்டும் என்பதை அந்தப் பட்டியல்தான் சொல்லும்.

செல்லும் சாரமும் வந்து மூட்டு மீளும்வரை உழைப்பவர்களின் முழங்கால் காத்திருக்காது. ஆலைகளில் உட்காரக் குறைந்த உயரப் பலகையும், மணிக்கு ஒருமுறை எழுந்து நடக்க நேரமும், அந்த நேரத்துக்குக் கூலி வெட்டாத ஏற்பாடும் இன்றே கொடுக்கக்கூடியவை. அவற்றுக்கு ஆய்வகம் தேவையில்லை. ஊசியால் குருத்தெலும்பு வளரும் என்று யாராவது பணம் கேட்டால், வாசகர் இந்த மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும்: கொலாஜனை அளந்தீர்களா? பாரம் ஏற்றிப் பார்த்தீர்களா? எத்தனை ஆண்டு நிலைத்தது? மூன்றுக்கும் எழுத்தில் விடை வராதவரை பணம் தர வேண்டாம்.